சுவிஸ் கிராமத்தில் எத்தனை பேர்? சின்ன கெமைண்டேயின் நிலமும் ஆள்கணக்கும்

2017 நவம்பர் 30 அன்று, சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் அல்பினென் என்ற மலையூரில் ஊர்க்கூட்டம் கூடியது. ஆதரவாக 71 வாக்கு, எதிர்ப்பாக 29. தீர்மானம் நிறைவேறியது: இங்கே வந்து குடியேறும் ஒவ்வொரு பெரியவருக்கும் 25,000 பிராங்க், ஒவ்வொரு குழந்தைக்கும் 10,000 பிராங்க். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மொத்தம் 70,000. செய்தி உலகெங்கும் பரவியது. "சுவிஸ் கிராமத்தில் போய் இருந்தால் பணம் தருகிறார்கள்" என்று நம்பியவர்கள் பல நாடுகளிலிருந்தும் எழுதிக் கேட்டார்கள்.

அந்தச் செய்தியில் "கிராமம்", "இருப்பது", "குடியேறுவது" என்ற மூன்று சொற்களும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டன. சுவிட்சர்லாந்தில் இவை மூன்றுக்கும் சட்டம் தந்த பொருள் இருக்கிறது. அது நாம் பேச்சுவழக்கில் கொள்ளும் பொருள் அல்ல. அந்தப் பொருள் பிடிபட்டால், எந்தச் சின்ன சுவிஸ் ஊரைப் பற்றியும் "இவ்வளவு பரப்பு, இவ்வளவு உயரம், இவ்வளவு மக்கள்" என்று படிக்கும்போது அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.

## ஊர் வேறு, கெமைண்டே வேறு

சுவிட்சர்லாந்தின் அரசு மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே கூட்டாட்சி, நடுவில் 26 மாநிலங்கள், கீழே உள்ளாட்சிகள். இந்தக் கீழடுக்கை ஜெர்மன் பேசும் பகுதியில் கெமைண்டே என்பார்கள். பிரெஞ்சுப் பகுதியில் கொம்யூன், இத்தாலியப் பகுதியில் கொமூனே. கெமைண்டே என்பது எல்லை வரையறுக்கப்பட்ட நிலமும், அந்த நிலத்துக்கென ஒரு நிர்வாகமும் சேர்ந்தது. அதற்குச் சொந்த வரி உண்டு, சொந்த வரவுசெலவு உண்டு, சொந்தப் பதிவேடும் உண்டு.

ஒரு பட்டா மனையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலையில் வீடு. மிச்சமெல்லாம் தோட்டம், கிணறு, பாறை, புதர். "அவர் வீடு எவ்வளவு பெரிசு?" என்று கேட்டால் வீட்டின் அளவையும் சொல்லலாம், மனையின் அளவையும் சொல்லலாம். இரண்டும் உண்மை, ஆனால் ஒன்றல்ல. ஊர் என்பது அந்த வீடு. கெமைண்டே என்பது மனை முழுவதும். ஒரே மனையில் மூன்று வீடுகள் இருப்பதுபோல, ஒரே கெமைண்டேயில் பல ஊர்களும் குக்கிராமங்களும் இருக்கலாம்.

இரண்டும் எவ்வளவு தூரம் விலகிப்போகும் என்பதற்கு டிச்சீனோ மாநிலத்தின் வெர்சாஸ்கா பள்ளத்தாக்கைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அங்கே லவெர்ட்டெட்ஸோ என்ற ஊர் இருக்கிறது. பச்சை நிற ஆற்றின் மேல் இரட்டை வளைவுடன் நிற்கும் அதன் கல் பாலத்தைச் சுற்றுலாப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இந்தப் பள்ளத்தாக்கு மக்கள் நூற்றாண்டுகளாக மேலும் கீழுமாக வாழ்ந்தவர்கள். கோடையில் மாடு ஆடுகளுடன் மலையில் இருப்பார்கள். குளிர்காலத்தில் கீழே மகாடீனோ சமவெளிக்கு இறங்குவார்கள். அதனால் லவெர்ட்டெட்ஸோ கெமைண்டேயின் நிலமும் இரண்டு துண்டாகவே இருந்தது: மேலே பள்ளத்தாக்கில் ஒன்று, கீழே சமவெளியில் ஒன்று, நடுவில் வேறு கெமைண்டேக்களின் நிலம்.

2020 அக்டோபர் 18 அன்று பள்ளத்தாக்கின் ஊர்கள் இணைந்து வெர்சாஸ்கா என்ற புதிய கெமைண்டே உருவானது. லவெர்ட்டெட்ஸோவின் மேல்துண்டு அதில் சேர்ந்தது. கீழ்த்துண்டு பழைய பெயரிலேயே தனியாக நின்றுவிட்டது. ஆக, இன்று லவெர்ட்டெட்ஸோ கெமைண்டேயில் அந்தப் பாலம் இல்லை, லவெர்ட்டெட்ஸோ என்ற அந்த ஊரும் இல்லை! இரண்டும் வெர்சாஸ்கா கெமைண்டேயில் இருக்கின்றன. பெயரை மட்டும் வைத்து "லவெர்ட்டெட்ஸோவின் மக்கள்தொகை" என்று தேடுகிறவருக்குக் கிடைப்பது, சமவெளியில் ரயில் பாதையை ஒட்டிய வேறொரு குடியிருப்பின் எண்.

ஆகவே ஓர் எண்ணைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது: இது ஊரின் எண்ணா, கெமைண்டேயின் எண்ணா? அரசு வெளியிடும் எண்கள் பெரும்பாலும் கெமைண்டேக்கானவை.

## பரப்பளவு: எண்ணுக்குள் பனியும் பாறையும்

வலே மாநிலத்தில் ஃபீஷர்டால் என்ற கெமைண்டேயின் பரப்பு சுமார் 173 சதுர கிலோமீட்டர். அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ 300 பேர். கணக்குப் போட்டால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்கூட இல்லை. வீடுகள் ஒன்றுக்கொன்று கண்ணுக்கெட்டாத தூரத்தில் சிதறிக்கிடக்கும் என்றுதானே தோன்றும்? நேரில் போனால் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அந்த 173 சதுர கிலோமீட்டரில் அலெட்ஷ் பனியாற்றின் பகுதியும் அடக்கம், பெர்ன் ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான ஃபின்ஸ்டரார்ஹோர்ன் வரையிலான பாறைச் சரிவுகளும் அடக்கம். மனிதர் குடியிருப்பது பள்ளத்தாக்கின் அடியில் ஒரு கீற்றில்தான்.

இதற்கு நேரெதிர் ஸோலத்துர்ன் மாநிலத்தின் கம்மர்ஸ்ரோர். பரப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மக்கள் முப்பது சொச்சம் பேர். ஃபீஷர்டாலில் இருப்பவர்களில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அடர்த்தி என்று பார்த்தால் கம்மர்ஸ்ரோர் பதினைந்து மடங்குக்கும் மேல்! மலைக் கெமைண்டேயில் அடர்த்தி என்ற எண் மக்கள் எவ்வளவு நெருங்கி வாழ்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. எல்லைக்கோடு மலை முகடுவரை ஏறியிருக்கிறதா இல்லையா என்பதைத்தான் சொல்கிறது.

அதனால்தான் சுவிஸ் புள்ளிவிவர அலுவலகம் பரப்பை நான்காகப் பிரித்துத் தருகிறது: குடியிருப்பு நிலம், விவசாய நிலம், காடு, பலன்தரா நிலம். பலன்தரா நிலம் என்றால் பாறை, பனி, ஏரி, ஆறு, உயரத்தில் கிடக்கும் தரிசு. நாடு முழுவதும் எடுத்தால் விவசாயம் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், காடு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறையும், பலன்தரா நிலம் நான்கில் ஒன்று. வீடு, சாலை, தொழிற்சாலை, பூங்கா எல்லாம் சேர்ந்த குடியிருப்பு நிலம் 8 விழுக்காடு அளவில்தான்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் சின்னக் கெமைண்டேயில் தவறு புகுவது அங்கேதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போமே, அதே முறைதான். விமானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் 100 மீட்டர் இடைவெளியில் புள்ளிகளைப் பரப்புகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் எதன் மேல் விழுகிறது என்று பார்க்கிறார்கள்: கூரையா, புல்லா, மரமா, பாறையா. ஒரு புள்ளி ஒரு ஹெக்டேருக்குச் சமம். நாட்டுக்கு மொத்தம் 41 லட்சம் புள்ளிகள்.

நாற்பத்தோரு லட்சம் சோற்றில் பதம் பார்த்தால் பிழை இருக்காது. ஆனால் கம்மர்ஸ்ரோரின் பங்கு நூறு புள்ளிகூட இல்லை. அங்கே இரண்டு புள்ளிகள் சாலையோரப் புல்லில் விழாமல் தார்ச்சாலையில் விழுந்திருந்தால் குடியிருப்பு நிலம் 2 விழுக்காடு கூடிவிடும். நிலத்தில் எதுவுமே மாறியிருக்காது. ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவான கெமைண்டேயைப் பற்றி "காடு 31.4 விழுக்காடு" என்று தசமப் புள்ளியோடு எழுதியிருந்தால், அந்தத் தசமத்தை விட்டுவிட்டுப் படியுங்கள்.

ஏரிக்கரைக் கெமைண்டேக்களில் வேறொரு சிக்கல். பெரிய ஏரிகளின் நீர்ப்பரப்பும் கெமைண்டேக்களுக்குள் பங்கிடப்பட்டிருக்கிறது. அந்தப் பங்கைச் சேர்த்த பரப்பளவும் உண்டு, சேர்க்காத பரப்பளவும் உண்டு. இரண்டு இடங்களில் இரண்டு எண் கண்டால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம்.

## உயரம்: ஓர் எண் போதாது

ஃபீஷர்டாலின் உயரம் என்று 1,100 மீட்டரை ஒட்டிய ஓர் எண் தருவார்கள். அது ஊர் மையத்தின் உயரம். கெமைண்டேயின் எல்லையோ 4,274 மீட்டர் உயர ஃபின்ஸ்டரார்ஹோர்னில் போய் முடிகிறது. ஒரே கெமைண்டேக்குள் மூவாயிரம் மீட்டர் ஏற்றம்! மலைக் கெமைண்டேயைப் புரிந்துகொள்ள மூன்று உயரங்கள் வேண்டும்: எல்லைக்குள் மிகத் தாழ்ந்த இடம், ஊர் மையம், மிக உயர்ந்த இடம். சுவிஸ் நில அளவைத் துறையான சுவிஸ்டோப்போவின் இணைய வரைபடம் இலவசம். அதில் கெமைண்டே எல்லை என்ற அடுக்கைத் திறந்து கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தால் மூன்றும் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். 1:25,000 அளவு வரைபடத்தில் ஆல்ப்ஸ் பகுதியின் சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. கோடுகள் நெருங்கி நெருங்கிக் கறுப்பாகத் தெரியும் இடம் செங்குத்து.

(கடற்கரையே இல்லாத நாடு கடல் மட்டத்தை எப்படி அளக்கிறது என்ற கேள்வி எழலாம். ஜெனீவா ஏரிக்குள் நிற்கும் ஒரு பாறையை 373.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, நாட்டின் எல்லா உயரங்களையும் அதிலிருந்து எண்ணுகிறார்கள்.)

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். அல்பினென் ரோன் பள்ளத்தாக்கின் மேலே, வெயில் படும் சரிவில், சுமார் 1,300 மீட்டரில் இருக்கிறது. அதன் மேற்கே டாலா ஆற்றின் ஆழ்ந்த பிளவு. பக்கத்து ஊரான லாய்க்கர்பாடுக்குப் போக முன்னாளில் பாறைச் சுவரில் சாத்திய மர ஏணிகளில்தான் ஏறினார்கள். அந்த எட்டு ஏணிகளும் இன்றும் நடைபாதையின் பகுதியாக இருக்கின்றன. வரைபடத்தில் கைக்கெட்டும் தூரம், காலுக்கு அப்படியல்ல. மலையில் தொலைவைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். பேருந்தில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பள்ளி, மருத்துவர், வேலை எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்த நிமிடங்கள்தான்.

இதுவரை பார்த்தது நிலம். பரப்பு எண்ணுக்குள் யாரும் வாழ முடியாத பனியும் பாறையும் சேர்ந்திருக்கின்றன. உயர எண் ஒரே ஒரு புள்ளியைக் குறிக்கிறது. இனி ஆள்கணக்கு.

## யாரை எண்ணுகிறார்கள்?

கல்யாண வீட்டில் அன்று முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். அந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் ஐந்து என்போம். ஒரு நாள் வந்தவர்கள் வேறு, வீட்டுக்காரர்கள் வேறு. கெமைண்டேயின் மக்கள்தொகையும் அப்படித்தான். அதன் அரசுப் பெயர் நிரந்தரக் குடியிருப்போர் தொகை. டிசம்பர் 31 அன்று யார் யாருடைய முதன்மை முகவரி இந்தக் கெமைண்டேயில் இருக்கிறதோ, அவர்களின் எண்ணிக்கை அது. முதன்மை முகவரி என்றால் ஒருவரின் வாழ்க்கையின் மையம் என்று சட்டப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே ஒரு முகவரி. வரி கட்டுவதும் வாக்களிப்பதும் அங்கேதான்.

சுவிஸ் குடிமக்கள் அங்கே முதன்மை முகவரி வைத்திருந்தாலே கணக்கில் வருவார்கள். வெளிநாட்டவர் 12 மாதங்களுக்குக் குறையாத அனுமதி வைத்திருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே 12 மாதம் அங்கே தங்கியிருக்க வேண்டும். தஞ்சம் கோரியவர்களும் 12 மாதம் கடந்தபின் இந்தக் கணக்கில் சேர்கிறார்கள். சுவிஸில் வாழும் ஈழத்தமிழர் குடும்பங்களுக்கு வதிவிட அனுமதி அட்டைகளின் N, F, B, C (என், எஃப், பி, சி) என்ற எழுத்துகள் நன்றாகத் தெரியும். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு காத்திருக்கும் "என்" (N) அட்டைக்காரரும், தற்காலிகமாக ஏற்கப்பட்ட எஃப் அட்டைக்காரரும் ஓராண்டு கழிந்ததும் அந்தக் கெமைண்டேயின் மக்கள்தொகைக்குள் வந்துவிடுகிறார்கள். மிகச் சின்னக் கெமைண்டேயில் ஒரு விடுதி திறந்து இருபது பேரைத் தங்கவைத்தால் ஆண்டுக் கணக்கு திடீரென உயர்ந்து காணப்படுவதற்கு இதுவே காரணம்.

கணக்கில் வராதவர்கள் யார்? சுற்றுலாப் பயணிகள், விடுமுறை வீட்டுக்காரர்கள், எல்லை தாண்டி வந்து வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள், ஒரு பருவத்துக்கு மட்டும் வரும் ஓட்டல் தொழிலாளர்கள். செர்மாட்டின் நிரந்தரக் குடியிருப்போர் ஆறாயிரத்தைத் தொடவில்லை. பனிச்சறுக்குப் பருவத்தின் இரவுகளில் அங்கே உறங்குகிறவர்கள் அதைப்போல் பல மடங்கு. குடிநீர்த் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் குப்பை வண்டியும் அந்தப் பல மடங்குக்காகத் திட்டமிடப்பட வேண்டும். மக்கள்தொகையை மட்டும் பார்த்துவிட்டு "இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய சுத்திகரிப்பு நிலையமா?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை நகரத்தில் அறை எடுத்து வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் மலையூருக்குத் திரும்புகிறவரை வாரவாசி என்று பதிவேடு அழைக்கிறது. அவர் நகரத்திலும் பதிய வேண்டும். ஆனால் முதன்மை முகவரி மலையூரில் இருக்கும்வரை அங்கேதான் எண்ணப்படுவார். செவ்வாய்க்கிழமை இரவில் ஊரில் விளக்கெரியும் வீடுகளை எண்ணினால் அரசுக் கணக்குக்குக் குறைவாகத்தான் வரும்.

## எண்ணிக்கை எப்படி நடக்கிறது?

1850 முதல் 2000 வரை ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை படிவம் கொடுத்து எண்ணினார்கள். 2010 முதல் வீடு வீடாகப் போவதில்லை. கெமைண்டேயின் பதிவேட்டையே எண்ணுகிறார்கள்.

அதன் இயக்கம் எளிமையானது. ஒருவர் புதிய கெமைண்டேக்குக் குடிபெயர்ந்தால் 14 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் 756 என்று தொடங்கும் 13 இலக்க சமூகக் காப்பீட்டு எண் உண்டு. ஒவ்வொரு கட்டடத்துக்கும், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி எண் உண்டு. ஆள் எண்ணும் குடியிருப்பு எண்ணும் பதிவேட்டில் கோர்க்கப்படுகின்றன. பதிவேடு கூட்டாட்சிப் புள்ளிவிவர அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே ஒரே ஆள் இரண்டு கெமைண்டேயில் முதன்மை முகவரியோடு தெரிந்தால் களையப்படுகிறார். ஒரே மாடியில் நான்கு குடியிருப்புகள் இருந்து அவற்றின் எண் கதவிலோ வாடகை ஒப்பந்தத்திலோ இல்லாவிட்டால் ஆளைத் தவறான குடியிருப்பில் கோர்த்துவிடுவார்கள். மக்கள்தொகை மாறாது, ஆனால் "காலி வீடு", "நெரிசல் வீடு" என்ற கணக்குகள் புரண்டுபோகும்.

இந்த மாற்றத்தால் நாம் ஒன்றை இழந்தோம், அதைப் பலரும் கவனிப்பதில்லை. பதிவேட்டில் வயது, பால், குடியுரிமை, திருமண நிலை எல்லாம் இருக்கும். வீட்டில் பேசும் மொழி, வேலைக்குப் போகும் வழி போன்றவை இருக்காது. அவற்றை அறிய ஆண்டுதோறும் 15 வயதுக்கு மேற்பட்டோரில் குறைந்தது 2 லட்சம் பேரை மாதிரியாக எடுத்துக் கேட்கிறார்கள். பெரிய நகரத்துக்கு அது போதும். இருநூறு பேர் வாழும் கெமைண்டேயில் மாதிரிக்குள் விழுகிறவர்கள் நாலைந்து பேர்தான்; அதை வைத்து எந்த விழுக்காடும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு சின்னக் கெமைண்டேயில் "ஜெர்மன் பேசுவோர் 96.2 விழுக்காடு" என்று படித்தால் ஆண்டைத் தேடுங்கள். பெரும்பாலும் 2000-ம் ஆண்டுக் கணக்கெடுப்பாக இருக்கும். அன்று பிறந்த குழந்தைக்கு இன்று வேலைக்குப் போகும் வயது.

சுருக்கமாக: மக்கள்தொகை என்பது முதன்மை முகவரிகளின் எண்ணிக்கை, டிசம்பர் 31 நிலவரம், பதிவேட்டிலிருந்து. வீட்டு மொழியும் வேலைக்குப் போகும் வழியும் அந்தப் பதிவேட்டிலிருந்து வரும் எண்கள் அல்ல.

## அல்பினென் உண்மையில் கேட்டது

2017-ல் அல்பினெனில் வாழ்ந்தவர்கள் சுமார் 240 பேர். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் சில வெளியேறியதும் பள்ளி மூடப்பட்டது. மிஞ்சிய பிள்ளைகள் பேருந்தில் வெளியூர் போனார்கள். அந்த ஊர் இளைஞர்களே கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்த யோசனைதான் பணம் கொடுப்பது. நிபந்தனைகளைப் பாருங்கள். வயது 45-க்குள். வாடகைக்கு வந்தால் இல்லை. குறைந்தது 2 லட்சம் பிராங்க் போட்டு அங்கே வீடு வாங்க வேண்டும், கட்ட வேண்டும், அல்லது புதுப்பிக்க வேண்டும். அது விடுமுறை வீடாக இருக்கக் கூடாது, முதன்மை முகவரியாக இருக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்குள் வெளியேறினால் பணத்தைத் திருப்பித்தர வேண்டும். வெளிநாட்டவர் என்றால் சி அட்டை, அதாவது நிரந்தர வதிவிட அனுமதி, வேண்டும். அந்த அட்டை பல நாட்டவருக்குப் பத்தாண்டு சுவிஸில் வாழ்ந்தபின் கிடைப்பது. சுவிஸில் யாரைத் தங்கவிடுவது என்று தீர்மானிப்பது மாநிலமும் கூட்டாட்சியும். 240 பேர் வாழும் ஊரின் கூட்டத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது.

அவர்கள் கேட்டது ஆட்களை அல்ல, முதன்மை முகவரிகளை. ஏன் என்பது இப்போது புரியும். வரி முதன்மை முகவரியோடு வருகிறது. பள்ளிக்குப் பிள்ளை முதன்மை முகவரியோடு வருகிறது. கோடையில் மூன்று வாரம் வந்து ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போகிறவரால் ஆசிரியரைத் தக்கவைக்க முடியாது.

இங்கே இரண்டாம் வீடு என்ற சொல்லையும் அறிந்துகொள்ள வேண்டும். அந்தக் கெமைண்டேயில் முதன்மை முகவரி உள்ள யாருமே குடியிராத வீடு இரண்டாம் வீடு; வேலைக்காகத் தங்குவோரின் அறைகள்போலச் சில விலக்குகள் உண்டு. 2012 மார்ச் 11 அன்று நாட்டு மக்கள் 50.6 விழுக்காடு ஆதரவோடு ஒரு தடையை நிறைவேற்றினார்கள்: எந்தக் கெமைண்டேயில் இரண்டாம் வீடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டுகிறதோ அங்கே புதிதாக இரண்டாம் வீடு கட்ட முடியாது. விரிவான சட்டம் 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. மலைக் கெமைண்டே ஒன்றைப் புரிந்துகொள்ள மக்கள்தொகைக்கு அடுத்தபடி நான் பார்க்கச் சொல்வது இந்த விழுக்காட்டைத்தான். 240 பேர் வாழும் இடத்தில் வீடுகள் நிறைய இருந்தும் குடும்பத்துக்கு வீடு கிடைக்காது என்ற முரண் அதில்தான் வெளிப்படும்.

## சின்ன எண்களின் பொறி

வெர்சாஸ்கா பள்ளத்தாக்கின் கொரிப்போ 2020-ல் இணையும்வரை நாட்டிலேயே மிகக் குறைந்த மக்கள் வாழ்ந்த கெமைண்டே. 19-ம் நூற்றாண்டின் நடுவில் அங்கே முந்நூறு பேரளவு இருந்தார்கள். கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேர். அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு தம்பதி வந்து குடியேறினால் மக்கள்தொகை "20 விழுக்காடு வளர்ச்சி". ஒரு மூதாட்டி இறந்தால் "10 விழுக்காடு வீழ்ச்சி". ஆயிரத்துக்கு இத்தனை பிறப்பு என்ற விகிதத்துக்கு அங்கே பொருளே இல்லை. ஐந்நூறு பேருக்குக் குறைவான கெமைண்டேயில் விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு நேராக ஆட்களையே எண்ணுங்கள், ஓராண்டை அடுத்த ஆண்டோடு ஒப்பிடாமல் பத்தாண்டைப் பத்தாண்டோடு ஒப்பிடுங்கள்.

இணைப்புதான் அடுத்த பொறி. 2000-ல் சுவிஸில் 2,899 கெமைண்டேக்கள் இருந்தன. 2025 தொடக்கத்தில் 2,121. கிளாருஸ் மாநிலம் 2011 ஜனவரி 1 அன்று தன் 25 கெமைண்டேக்களை மூன்றாக்கியது. அவற்றில் ஒன்றான தெற்கு கிளாருஸ் ஒரே நாளில் 430 சதுர கிலோமீட்டராகப் பிறந்தது. ஒரு கெமைண்டேயின் மக்கள்தொகை வரைபடத்தில் செங்குத்தாக ஒரு படி தெரிந்தால், குழந்தை பிறந்ததாலோ மக்கள் குவிந்ததாலோ அல்ல, எல்லை நகர்ந்ததால்தான் என்று முதலில் சந்தேகப்படுங்கள். புள்ளிவிவர அலுவலகம் பழைய எண்களையும் இன்றைய எல்லைக்கு ஏற்பக் கூட்டித்தரும் பட்டியல் வைத்திருக்கிறது. ஒப்பிடுவதற்கு அதைத்தான் எடுக்க வேண்டும்.

கொரிப்போ கெமைண்டே மறைந்தாலும் கொரிப்போ என்ற ஊர் அப்படியே இருக்கிறது. பழைய கல்வீடுகள் சிலவற்றைச் சீரமைத்து, ஒரே ஓட்டலின் அறைகள் ஊரெங்கும் பரவியிருக்கும்படி 2022-ல் திறந்தார்கள். இரவு தங்குகிறவர்கள் இப்போது முன்னைவிட அதிகம். அவர்களில் ஒருவர்கூட மக்கள்தொகையில் இல்லை.

## கடவுச்சீட்டில் ஒரு கெமைண்டே

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது. பூர்வீக ஊர் இருக்கும். எந்தக் கெமைண்டேயின் குடியுரிமை வழிவழியாக வந்ததோ அந்தக் கெமைண்டேயின் பெயர் அது. அதைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட அதைச் சுமப்பார்கள். ஆகவே "இவர் அந்த ஊர்க்காரர்" என்ற செய்திக்கு மூன்று பொருள் இருக்கலாம்: அங்கே பிறந்தவர், அங்கே வாழ்கிறவர், அங்கே பூர்வீகம் கொண்டவர். மக்கள்தொகையில் வருவது நடுவில் சொன்னது ஒன்றுதான். வலே போன்ற மாநிலங்களில் பூர்வீகக் குடிகளுக்கெனத் தனி அமைப்பும் உண்டு. காடும் மேய்ச்சல் மலையும் பெரும்பாலும் அதன் சொத்து. அந்த மேய்ச்சல் மலை பக்கத்துக் கெமைண்டேயின் எல்லைக்குள்ளும் இருக்கலாம். நிலம் யாருடையது என்பதும் நிலம் எந்தக் கெமைண்டேயில் இருக்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

## வீடுகள் போனபின்

வலே மாநிலத்தில் லோட்ஷென்டால் பள்ளத்தாக்கின் கடைசிக் கெமைண்டே பிளாட்டென். அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 300 பேர். 2025 மே மாதம் கிளைனெஸ் நெஸ்ட்ஹோர்ன் மலையிலிருந்து பாறை இடிந்து பிர்ஷ் பனியாற்றின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. மே 19 அன்று மக்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். மே 28 பிற்பகல் அந்தச் சுமை தாங்காமல் பனியாறே சரிந்து கீழே வந்தது. ஊரில் பத்தில் ஒன்பது பங்கு புதைந்தது. லொன்ஸா ஆறு அடைபட்டுத் தேங்கி மிச்ச வீடுகளையும் மூழ்கடித்தது. ஒருவர் உயிரிழந்தார்.

செய்திகள் "பிளாட்டென் இல்லாமல் போனது" என்றன. புதைந்தது பிளாட்டென் என்ற ஊர். கெமைண்டேயின் எல்லைக்கோடு ஓர் அங்குலமும் நகரவில்லை. மேலே சரிவில் இருக்கும் வைசென்ரீட் குக்கிராமம் தப்பி நின்றது. ஒரு கெமைண்டேயை இல்லாமல் ஆக்க மாநிலச் சட்டப்படி முடிவு வேண்டும், பனியாறு போதாது. அதன் மன்றம் தொடர்ந்து கூடியது. அதன் அலுவலகம் பக்கத்து ஊரில் இடம் பிடித்து, தன் மக்களின் பெயர்கள் உள்ள பதிவேட்டோடு, ஊரைத் திரும்பக் கட்டும் வேலையைத் தொடங்கியது.